முதலில் வானம், அப்புறம் கடல்: ஸ்கைடைவிங்கும் ஸ்கூபாவும் சேர்த்துச் செய்ய நினைப்பவருக்கு

கேள்வி கேட்டிருப்பவர் கீழக்கரைக்காரர். துபாயில் வேலை பார்க்கிறார். அங்கே பாம் ஜுமைராவுக்கு மேலே, பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டாண்டம் முறையில், ஒரு தடவை விமானத்திலிருந்து குதித்திருக்கிறார். அந்த ருசி விடவில்லை, இனி முறையாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறார். இப்போது ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறார். வந்த இடத்தில் நம் கடலில், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபாவும் பழகிக்கொள்ள ஆசை. இரண்டையும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா, ஒன்று தெரிந்தால் மற்றது சுலபமாகுமா, ராமநாதபுரம் பக்கமே குதிக்க இடம் உண்டா, பதினொரு வயது மகனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எங்க பாட்டனார் சங்கு குளித்தவர், மூச்சடக்குறது எங்களுக்குப் பிறவிப் பழக்கம்." அந்த வரிக்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முடியும், தம்பி. இரண்டையும் பல வருஷமாகச் சேர்த்துச் செய்துவருகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வானம், அப்புறம் கடல். கடலில் முங்கிவிட்டு உடனே வானத்துக்குப் போகக் கூடாது. நான் எழுதும் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று மனதில் நிற்க வேண்டும்.

காரணம் இது. கடல்மட்டத்தில் நம் உடம்பின் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அதே அளவு இன்னொன்று சேரும். ஸ்கூபாவின் முதல் சான்றிதழான ஓபன் வாட்டர் அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டர், நம் மீனவர் கணக்கில் பத்துப் பாகம். அங்கே அழுத்தம் 2.8 மடங்கு. வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கும், இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. அந்தக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அழுத்தம் கூடக் கூட அது ரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் மூட்டுகளிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறும். அதற்காகத்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அப்படி ஒழுங்காக வந்தாலும் மிச்ச நைட்ரஜன் பல மணி நேரம் உடம்பிலேயே இருக்கும். கரையில் உட்கார்ந்திருக்கும்வரை அது தொல்லை செய்யாது. வெளியழுத்தம் இன்னும் குறைகிற இடத்துக்குப் போனால்தான் சிக்கல். கரைந்திருந்தது குமிழியாகிவிடும். மூட்டில் குமிழி வந்தால் வலி, முதுகுத்தண்டில் வந்தால் கை கால் மரத்துப்போகும், செயலிழந்தும் போகலாம். டிகம்ப்ரஷன் நோய் என்பது இதுதான்.

ஸ்கைடைவிங் விமானம் 13,000 அடி ஏறுகிறது என்று வையுங்கள். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 0.61 பங்கு. பதினைந்து இருபது நிமிடத்தில் அங்கே போய்விடும். உள்ளே அழுத்தத்தைக் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாத சிறு விமானம் அது. நீங்கள் துபாய்க்குப் போகும் பயணிகள் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தத்தையாவது வைத்திருக்கும், அதாவது சுமார் 0.74. ஆக, குதிக்கப் போகிறவர் பயணியைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். பலர் இதைக் கவனிப்பதில்லை.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-இல் நிபுணர்களைக் கூட்டி ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாத ஒரே ஒரு முங்கல் என்றால் பறப்பதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பலமுறை அல்லது பல நாள் தொடர்ந்து என்றால் 18 மணி நேரம், கட்டாய நிறுத்தங்களோடு ஆழமாகப் போயிருந்தால் 18-ஐவிட நன்றாகவே கூடுதல். இணையத்தில் தேடினால் இந்த எண்கள் சட்டென்று கிடைக்கும். ஆனால் அவை 2,000 முதல் 8,000 அடிவரையிலான அழுத்தத்துக்காகப் போடப்பட்டவை. 13,000 அடியில் கதவைத் திறந்து வெளியே நிற்பவருக்காக அல்ல. அதனால் அந்த 12-ஐயும் 18-ஐயும் குதிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். என் முடிவு இது: ஒரு முங்கல் என்றாலும் முழுசாக ஒரு நாள், பல நாள் முங்கியிருந்தால் இரண்டு நாள் கரையில் இருந்துவிட்டுத்தான் குதிக்கும் விமானத்தில் ஏற வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ராமேஸ்வரம், மதுரை, கொடைக்கானல் என்று ஒரே சுற்றில் போய்வருவது ரொம்ப நாளாக நடக்கிற வழக்கம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், ஏறத்தாழ 7,000 அடி. காலையில் மண்டபத்தில் முங்கிவிட்டு மத்தியானம் கார் எடுத்து ராத்திரிக்குள் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தால், உடம்பைப் பொறுத்தவரை விமானத்தில் ஏறியதும் அதுவும் ஒன்றுதான். நைட்ரஜனுக்குச் சாலையும் ஓடுபாதையும் தெரியாது, அழுத்தம் மட்டுமே தெரியும். மதுரைவரை பிரச்சினை இல்லை, அது சமவெளி. மலையை விடுமுறையின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடலைப் பின்னால் வையுங்கள்.

உங்கள் ஒரு மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். குதிக்க வேண்டியதைத் துபாயிலேயே, கிளம்புவதற்கு முந்தைய வாரம் முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்து முதல் சில நாள் சொந்தபந்தம், விருந்து, மலை எல்லாம். நடு வாரங்களில் கடல். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு நாள் கடலில் இறங்க வேண்டாம். பெட்டி கட்டவும் வழியனுப்ப வருகிறவர்களைக் கவனிக்கவும் அந்த நேரம் எப்படியும் வேண்டியிருக்கும்.

வானம் முடித்துக் கடலுக்கு வருவதில் அழுத்தக் கணக்குப்படி தடை கிடையாது. உயரத்தில் உடம்பு கொஞ்சம் நைட்ரஜனை இழந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே நாளில்கூடச் செய்யலாம் என்று சொல்வார்கள். இருந்தாலும் நான் ஒரு ராத்திரி இடைவெளி விடச் சொல்வேன். இறங்கும்போது முழங்காலிலோ இடுப்பிலோ ஒரு அடி விழுந்திருக்கலாம், கேனபி, அதாவது பாராசூட்டின் துணிக்குடை, விரிந்தபோது தோளில் இழுப்பு ஏற்பட்டிருக்கலாம். அந்த வலி அப்போது தெரியாமல் சாயங்காலம்தான் தலைகாட்டும். நடுவில் கடலிலும் முங்கியிருந்தால் வலி தரையில் வாங்கிய அடியா, மூட்டில் சேர்ந்த குமிழியா என்று மருத்துவரால்கூட எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகத்தோடு ஆம்புலன்ஸில் போவதைவிட ஒரு ராத்திரி பொறுப்பது மேல்.

இனி காது. வானத்தில் காது அடைத்துக்கொள்ளுமே என்று பயப்படுகிறவர்கள் கடலில் அந்தக் கவலையே இல்லாமல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். உண்மைக் கணக்கு தலைகீழ். 13,000 அடியில் குதித்து 5,000 அடியில் பாராசூட் திறக்கும்வரை, மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் விழுவது முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் கூடும் அழுத்தம் 0.22 வளிமண்டலம். கடலில் வெறும் இரண்டேகால் மீட்டர் இறங்கினால் இதே மாற்றம் வந்துவிடும். விமானக் கதவிலிருந்து தரைவரை மொத்தமாகக் கூட்டினாலும் நாலு மீட்டருக்குச் சமம். அரியமான் கடலில் இரண்டு ஆள் மட்டத்தைக் கொஞ்சம் தாண்டினாலே உங்கள் காது ஒரு முழு ஸ்கைடைவைப் பார்த்துவிடும். வேகம் மட்டும்தான் வித்தியாசம். வானத்தில் நின்று நிதானிக்க வழியில்லை. கடலில் உண்டு. அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிக் காதைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். வலித்தால் ஒரு அடி மேலே வந்து மறுபடி முயல வேண்டும். வலியோடு கீழே தள்ளிக்கொண்டு போனால் செவிப்பறை கிழியும். சளி பிடித்திருந்தால் இரண்டுமே வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்தின் வீரியம் தீர்ந்து மேலே வரும் வழியில் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த வலி இறங்கும்போது வருவதைவிட மோசம்.

சரி, உங்கள் பாட்டனாருக்கு வருவோம். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை கரைகளின் சங்குகுளியாட்கள் மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றே போனது. சங்கு குளிப்பு அதற்குப் பின்னும் தொடர்ந்தது. இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் தரைக்குப் போய்ச் சங்கைத் தடவி எடுத்து வந்தவர்கள். முத்துக்குளியில் கயிறு பிடிப்பது மைத்துனர் என்று சொல்வார்கள். தங்கச்சி வாழ்க்கை அதில் இருப்பதால் கயிற்றைக் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை. அந்த மரபு உங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றால் கடல் பயம் குறையும், உப்புத் தண்ணீரில் கண் திறந்து பழகியிருப்பீர்கள், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தோல் சொல்லிவிடும். எல்லாம் நல்லதுதான்.

ஆனால் மூச்சடக்கும் பழக்கம் மட்டும் சிலிண்டரோடு சேரவே கூடாது. பாட்டனார் கரையின் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கினார். இறங்க இறங்க அது சுருங்கியது, ஏற ஏற விரிந்து பழைய அளவுக்கே வந்தது, அதற்கு மேல் போகவில்லை. நீங்கள் 10 மீட்டரில் சிலிண்டரிலிருந்து மூச்சு இழுத்தால் அந்த ஆழத்தின் அழுத்தத்தில் நெஞ்சு நிறைகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் மேற்பரப்பில் அதே காற்று இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரல் அவ்வளவு விரியாது. கிழிந்து, காற்று ரத்தக்குழாயில் புகுந்து மூளைக்கே போகலாம். ஆழம் அதிகம் வேண்டும் என்றில்லை. நிறைந்த நெஞ்சோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே போதும், ஆபத்து தொடங்கிவிடும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி மூச்சை ஒருபோதும் பிடிக்காதே என்பது. ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிய நேரத்திலும் சிறு குமிழிகளாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பரம்பரையாக மூச்சடக்கியவர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடம் மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கும், ஏனென்றால் பயம் வந்தால் உடம்பு பழகியதைத்தான் செய்யும். பயிற்சியாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆழமில்லாத நீரில் ரெகுலேட்டரை எடுத்து ஊதி மறுபடி போடுவதைச் சலிக்கும்வரை செய்து பாருங்கள்.

ஒன்று தெரிந்தால் மற்றது சுலபமா என்று கேட்டீர்கள். கை கால் அசைவில் உதவாது. மனப்பழக்கத்தில் நிறைய உதவும். விழும்போது முதுகை வளைத்து வயிற்றை முன்னே தள்ளி, காற்றின் மேல் படுக்கிறீர்கள். ஒரு கையைச் சற்று மாற்றினால் உடம்பு திரும்பிவிடும், எல்லாம் சட்டென்று நடக்கும். கடலில் கிடைமட்டமாக, கையை மடக்கிக்கொண்டு, மூச்சின் அளவாலேயே ஒரு சாண் ஏறி ஒரு சாண் இறங்குகிறோம். மூச்சு இழுத்து இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் உடம்பு மேலே நகரும். வானத்தில் குதித்து வந்தவர்கள் அந்தத் தாமதம் பிடிபடாமல் மேலும் கீழும் அலைமோதுவார்கள். பொறுமையாகப் பழகினால் வந்துவிடும்.

உதவுவது எது என்றால் சாதனத்தைச் சோதிக்கும் ஒழுக்கமும், கருவியைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கமும். ஸ்கைடைவருக்குக் கையில் உயரமானி, ஸ்கூபாக்காரருக்கு ஆழமானியும் காற்றழுத்தமானியும். இரண்டிலும் ஒரு எண் வந்ததும் விளையாட்டை நிறுத்த வேண்டும். 5,000 அடி வந்தால் திறக்க வேண்டும், சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பார் ஆகும்போது மேலே வந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நேரம் என்ற ஆசைக்கு இரண்டு இடத்திலும் இடம் கிடையாது. ஸ்கைடைவிங்கில் ஒரு பாராசூட் மோசமாக விரிந்தால் ரிசர்வ் பாராசூட் இருக்கிறது, மயங்கிப்போனாலும் தானாகத் திறந்துவிடும் கருவியும் உண்டு. ஸ்கூபாவில் உங்கள் ரிசர்வ் உங்கள் துணையின் இரண்டாவது ரெகுலேட்டர். அதனால் துணை எங்கே என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. மீனைப் பார்த்துக்கொண்டே துணையை மறப்பவர்கள் அதிகம். மைத்துனர் பிடித்த கயிற்றின் வேலையை இன்று துணைதான் செய்கிறார்.

அப்புறம், ஊரிலேயே குதிக்க இடம் உண்டா என்றால், இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் 2009 முதல் இயங்குகிறது. சர்வதேசக் கடல் எல்லையும் பக்கத்திலேயே இருக்கிறது. நினைத்தபடி பறக்கக்கூடிய வான்வெளி அல்ல இது. அதைவிடப் பெரிய காரணம் காற்றும் தண்ணீரும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். புதிதாகக் கற்கும் ஸ்கைடைவரைத் தரைக்காற்று மணிக்கு 22 கிலோமீட்டர் போனாலே குதிக்க விடக் கூடாது என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதி. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடிவரை நிலம் ஒரு பட்டைதான், இரு பக்கமும் கடல். காற்று கொஞ்சம் தள்ளினால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். நீச்சல் தெரியும், ஸ்கூபாவும் தெரியும், அதனால் நீரில் இறங்கினால் என்ன என்று நினைக்காதீர்கள். ஈரமான துணி தலைமேல் மூடும், நூல்கள் காலைச் சுற்றும், நீரோட்டம் கேனபியை இழுக்கும். உங்கள் முதுகில் சிலிண்டரும் இருக்காது. ஸ்கைடைவர்கள் நீர்நிலைக்கு அருகில் குதிக்கும்போது மிதவை அணிவதும், நீரில் இறங்கும் பயிற்சியைத் தனியாக எடுப்பதும் இதனால்தான். அரியானாவில் நார்னவுல் பக்கம் இதற்கான மையம் இருக்கிறது. உங்களுக்குத் துபாயே பக்கம். பயிற்சியாளர்கள் கூடவே குதித்து, விழும்போதே கற்றுத்தரும் ஏஎஃப்எஃப் பயிற்சியை அங்கேயே முறையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றும் கடலும் ஒரே சமயத்தில் வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு ராமேஸ்வரத்தில் கைட்சர்ஃபிங் இருக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்பக்கம், வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வடபக்கம் என்று காற்று ஏறத்தாழ வருஷம் முழுக்கக் கிடைக்கும் இடம். கேனபியைக் கையாளும் அறிவு அதில் நன்றாக வளரும். குதிக்கப் போகிறவருக்கு நேரடியாகவே பயன்படும்.

நம் கடலைப் பற்றி உங்களிடம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், வெளியூரிலிருந்து வந்து கேட்கிறவர்களுக்காக எழுதிவிடுகிறேன். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் நம் ஆட்கள் சொல்வார்கள். வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் காற்றில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் வடக்கு கலங்கும், தெற்கு அடங்கும். தை கடைசியிலிருந்து பங்குனிவரை இரண்டும் ஓரளவு அமைதி. புதிதாகப் படிக்கிறவருக்கு அதுதான் நல்ல சமயம். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பது முந்தைய சில நாள் காற்றைப் பொறுத்தது. அந்தமான் படங்களைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அதே நீலத்தைத் தேடாதீர்கள். சில நாள் நாலைந்து மீட்டர்தான் தெரியும்.

ஆழமும் குறைவு. பாக் நீரிணை முழுவதுமே ஆழமில்லாத கடல். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களில் பெரும்பகுதி நாலு பாகத்துக்கு உள்ளேயே இருக்கிறது. ஆழம் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகப் படலாம். எனக்கு இது வரமாகத் தெரிகிறது. நைட்ரஜன் குறைவாகச் சேர்கிறது, ஒரே சிலிண்டர் நெடுநேரம் வருகிறது, மேலிருந்து வெயில் அப்படியே தரைவரை விழுவதால் நிறம் அதிகம் மங்குவதில்லை. மூளை மடிப்புப் பவளம், மான்கொம்புப் பவளம், கிளிமீன் கொறிக்கும் சத்தம், கடல்தாழைப் பரப்பில் அசையாமல் நிற்கும் கடற்குதிரை, எல்லாம் மூச்சு ஒழுங்கானவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி. கடல்பசு மேய்ந்துபோன இடத்தில் புல் நடுவே ஒரு வரப்பு தெரியும். கடல்பசுவையே பார்ப்பது அரிது, அந்தத் தடத்தைப் பார்த்தாலும் மனசு நிறையும்.

இங்கே எங்கு வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது. 21 தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதித்த இடம், அனுமதித்த படகு, அவ்வளவுதான். வடபக்கம் பிரப்பன்வலசை, அரியமான் கரைகளில் நீர் விளையாட்டு நடக்கிறது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் ஊர்மக்களே வனத்துறையோடு சேர்ந்து படகும் கயாக்கும் நடத்துகிறார்கள். ஸ்கூபா மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சியாளரின் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, ஆபத்து வந்தால் அழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தரும் ஹைபர்பாரிக் அறைக்கு எந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர்களிடம் நம்பிக்கையோடு படிக்கலாம். பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

பவளத்தைத் தொடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அது கல் இல்லை, உயிர். 2016-இல் கடல் சூடேறி இந்தப் பார்களில் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. அதற்கு முன் பல தலைமுறைகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காயமும் உண்டு. மிச்சம் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறது. காலில் மாட்டும் ஃபின்ஸ் ஒருமுறை உதைத்தால் பல வருஷ வளர்ச்சி போய்விடும். ஏறாமல் இறங்காமல் நீரில் நிற்கும் மிதவைக் கட்டுப்பாடு வரும்வரை மணல் தரையில் மட்டும் பழகுங்கள். ஒடிந்து கிடக்கும் துண்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் கடற்குதிரையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ளவை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் வழக்குதான்.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாக. ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, முன்பு நுரையீரல் சுருங்கிய அனுபவம், காது அறுவை சிகிச்சை இருந்தால் டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் முங்கக் கூடாது. ஒருமுறையாவது தோள்பட்டை நழுவியிருந்தால் ஸ்கைடைவிங் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள். காற்றின் இழுப்பில் மறுபடி நழுவினால் பாராசூட்டை இழுக்கக் கை வராது. நம் வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், உடம்பு வறண்டால் நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும். முங்கிய அன்று மூட்டு வலி, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, காரணமில்லாத களைப்பு, விரல் மரப்பு ஏதாவது வந்தால் தூங்கினால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள். உடனே படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்து, 108-ஐக் கூப்பிட்டு, முங்கிய ஆழத்தையும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், வலி குறையட்டும் என்று மறுபடி கடலில் இறங்குவது சிகிச்சை ஆகாது.

மகனைப் பற்றி. ஸ்கூபாவில் பத்து வயதிலிருந்து ஜூனியர் ஓபன் வாட்டர் படிக்கலாம். பதினொரு வயதில் 12 மீட்டருக்கு மேல் இறங்க அனுமதி இல்லை. சான்றிதழ் உள்ள பெற்றோரோ பயிற்சியாளரோ கூடவே இருக்க வேண்டும். நீங்களே இப்போதுதான் கற்கப்போகிறீர்கள் என்பதால் இந்த விடுமுறையில் அவனுக்குச் சிலிண்டர் வேண்டாம். உங்கள் கவனம் உங்கள் மேலேயே இருக்கும் சமயத்தில் பிள்ளையையும் பார்க்க முடியாது. டாண்டம் குதிப்புக்குப் பல இடங்களில் 18 வயது ஆக வேண்டும், அதற்கு நிறைய வருஷம் இருக்கிறது. இந்த மாதம் அவனுக்கு வடகடலில் மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் போட்டு மிதக்கக் கற்றுக்கொடுங்கள். காலை வேளை, காற்று எழுவதற்கு முன், சொறிமீன் குத்தாமல் இருக்க முழுக்கைச் சட்டையோடு. அடுத்த விடுமுறையில் நீங்கள் சான்றிதழோடு இருப்பீர்கள், அவனும் தயாராக இருப்பான். மாஸ்க் வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பின்னும் ஒட்டி நின்றால் அதுதான் அவன் அளவு. தண்ணீர் உள்ளே வருகிறதென்று வாரை இறுக்காதீர்கள், இறுக்க இறுக்க ஓரம் கோணிக்கொண்டு இன்னும் அதிகமாகத்தான் வரும்.